இரண்டு பேரேடுகளுக்கு நடுவே

1974 ஜூன் 26, புதன்கிழமை. ஜெர்மனியின் கொலோன் நகரில் இயங்கிவந்த ஹெர்ஸ்டாட் வங்கியின் உரிமத்தை அந்நாட்டு வங்கிக் கண்காணிப்பு அலுவலகம் ரத்து செய்தது. டாலர் ஏறுமா இறங்குமா என்று கணித்து வாங்கி விற்றதில் அந்த வங்கி தன் மூலதனத்தைப் போலப் பல மடங்கை இழந்திருந்தது. உத்தரவு வெளியானபோது ஜெர்மனியில் அன்றைய வங்கி வேலை முடிந்துவிட்டது. நியூயார்க்கில் அப்போதுதான் காலை.

வம்பு வந்தது அந்த நேர வித்தியாசத்தால்தான். ஹெர்ஸ்டாட்டோடு அந்நியச் செலாவணி வியாபாரம் பேசியிருந்த வங்கிகள், தாம் கொடுக்க வேண்டிய ஜெர்மன் மார்க்குகளை அன்று பகலிலேயே ஜெர்மனியில் கட்டிவிட்டன. பதிலுக்கு வர வேண்டிய டாலர், நியூயார்க் வங்கிகள் திறந்த பிறகு வந்து சேரும் என்பது ஏற்பாடு. அங்கே ஹெர்ஸ்டாட்டின் டாலர் கணக்கு சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் இருந்தது. செய்தி கேட்டதும் சேஸ் அந்தக் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதை நிறுத்தியது. கொடுத்தது போய்விட்டது, வர வேண்டியது வரவில்லை. வங்கிக்காரர்கள் இந்த வகை ஆபத்தை இன்றும் ‘ஹெர்ஸ்டாட் ரிஸ்க்’ என்றுதான் சொல்கிறார்கள். நடுவில் இருந்தது சில மணி நேரம். அதை அடைக்கும் பொதுவான ஏற்பாடு ஒன்று, சி.எல்.எஸ். என்ற பெயரில், 2002-இல்தான் வந்தது.

அதே 1974-இல், ஹெர்ஸ்டாட் மூடுவதற்கு ஒரு மாதம் முன்பு, கணினி அறிஞர்களான வின்ட் செர்ஃபும் பாப் கானும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில கணினி வலையமைப்புகள் தனித்தனியாக இயங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் விதி இன்னொன்றுக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒரே வலையமைப்பாகக் கட்டலாம் என்று இருவரும் சொல்லவில்லை. அவரவர் வலை அவரவர் விதிப்படியே இருக்கட்டும்; எல்லையில் ஒரு வாயிற்கணினி நிற்கட்டும்; அது வழியாகப் போகும் தகவல் பொட்டலத்தின் உறையில் என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வோம் என்றார்கள். இணையம் வளர்ந்தது அதிலிருந்துதான்.

செய்திக்கு இது நடந்தது. பணத்துக்கு ஏன் நடக்கவில்லை? இந்த அத்தியாயத்தில் வருபவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வங்கிப் பணம் எங்கேயும் போவதில்லை. உங்கள் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது என்றால், வங்கியின் பேரேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே அப்படி எழுதியிருக்கிறது என்று அர்த்தம். அதே வங்கியில் கணக்கு உள்ள ஒருவருக்கு நீங்கள் ஆயிரம் அனுப்பினால் ஓர் இடத்தில் பற்று, ஓர் இடத்தில் வரவு, முடிந்தது. வேறு வங்கி என்றால் இரண்டு வங்கிகளும் ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் கணக்குகளில் இதே பற்று வரவு நடக்கும். நாடு தாண்டும்போது மட்டும் மேலே அப்படிப் பொதுவான பேரேடு கிடையாது. அதனால் ஒரு வங்கி இன்னொரு நாட்டு வங்கியில் முன்கூட்டியே பணம் போட்டுக் கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கிலிருந்து இன்னாருக்குக் கொடு என்று செய்தி அனுப்புகிறது. 1973-இல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் கூடி பெல்ஜியத்தில் தொடங்கிய ஸ்விஃப்ட் அமைப்பு செய்வது இந்தச் செய்தி அனுப்பும் வேலையைத்தான். ஸ்விஃப்ட் ஒரு பைசாவைக்கூடத் தொடுவதில்லை. இதைப் பலரிடம் சொன்னால் நம்புவதில்லை.

2009 ஜனவரியில் பிட்காயின் பிறந்தது. அதுவும் ஒரு பேரேடுதான். ஆனால் அதை எழுதும் வங்கி என்று ஒன்று இல்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு, ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பக்கம் சேர்க்கின்றன. ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதற்கும் விடுமுறை இல்லை. அதற்குள்ளே எல்லாம் ஒழுங்காக நடக்கும். வெளியே என்ன இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. ரூபாய் என்ற ஒன்று உலகில் இருப்பதே பிட்காயின் பேரேட்டுக்குத் தெரியாது. உங்கள் வங்கியின் பேரேட்டுக்கும் பிட்காயினைத் தெரியாது.

ஆகவே நடுவில் சந்தைகள் முளைத்தன. இந்தப் பக்கம் டாலரைக் கட்டு, அந்தப் பக்கம் நாணயம் தருகிறேன் என்றன. அவற்றில் ஒருகாலத்தில் மிகப் பெரியதாக இருந்த டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ், சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்று சொல்லி 2014 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. பிறகு தேடியதில் ஏறக்குறைய 2,00,000 கிடைத்தன. வங்கிகளே வேண்டாம் என்று தொடங்கிய பேரேட்டின் வாசலில், வங்கியைவிட மோசமான ஒரு வங்கி உட்கார்ந்திருந்திருக்கிறது. ஒரு பக்கம் கொடுத்துவிட்டு மறுபக்கம் வருமா என்று காத்திருக்கும் அதே ஹெர்ஸ்டாட் நிலைதான் இதுவும். இங்கே காத்திருந்தவர்கள் சாதாரண மனிதர்கள்.

இந்த நடுப்பகுதியைப் பற்றி முதலில் அக்கறையோடு யோசித்தவர்களில் ஒருவர் கனடாவின் ரயன் ஃபுகர். பிட்காயினுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2004-இல், ரிப்பிள்பே என்று ஒன்றை எழுதினார். அதில் தனியாக நாணயம் எதுவும் இல்லை. நான் உங்களை நூறு டாலர் வரை நம்புவேன், நீங்கள் இன்னொருவரை ஐம்பது வரை நம்புவீர்கள் என்று ஒவ்வொருவரும் பதிந்துவைப்பார்கள். முன்பின் தெரியாத இருவருக்கு இடையே பணம் தர வேண்டி வந்தால், இந்த நம்பிக்கைச் சங்கிலி வழியாகக் கடன்கள் கைமாறும்.

தமிழருக்கு இது புதிதல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் வைத்திருந்த வட்டிக் கடைகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பேரேடு வைத்துக்கொண்டவை. ஓர் ஊர்க் கடை எழுதிய உண்டியலுக்கு இன்னோர் ஊர்க் கடை பணம் கொடுக்கும். பிறகு அவர்களுக்குள் நேர்செய்துகொள்வார்கள். ஆனால் கடைகளுக்கு நடுவே ஓடும் பாக்கிக்கு என்ன வட்டி? ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியைப் பேசி முடிவு செய்தார்கள். யாருடைய பேரேட்டையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவே என்ன விதி என்பதை மட்டும் பொதுவில் வைத்தார்கள். பொதுத்தரம் என்று இன்று நாம் சொல்வதன் சாரம் அங்கே இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: அந்தக் கோயிலுக்குள் எல்லாரும் ஒரே சமூகம். கடை திவாலானால் ஊரில் தலைகாட்ட முடியாது என்ற பயமே பிணையாக நின்றது. முன்பின் தெரியாதவர்கள் நடுவே அந்தப் பயத்தின் இடத்தில் எதை வைப்பது?

2015 அக்டோபரில் ஸ்டெஃபன் தாமஸும் எவன் ஷ்வார்ட்ஸும் வெளியிட்ட இண்டர்லெட்ஜர் கட்டுரை, அந்த இடத்தில் கணிதத்தை வைத்துப் பார்த்தது. இருவரும் அப்போது ரிப்பிள் நிறுவனத்தில் இருந்தார்கள். நெறிமுறையைப் பொதுவில் வைத்தார்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் சமூகக் குழு ஒன்று அதை எடுத்து வளர்த்தது. இந்த ஸ்டெஃபன் தாமஸைப் பற்றி வேறொரு கதை உலகப் பிரசித்தம். பிட்காயினை விளக்கி ஓர் அசைபடம் எடுத்ததற்குக் கிடைத்தவற்றில் 7,002 பிட்காயின்களுக்கான சாவியை ஒரு பூட்டிய பென் டிரைவில் வைத்தார். கடவுச்சொல்லை மறந்துவிட்டார். பத்து முறைதான் முயலலாம். எட்டு முறை போய்விட்டது என்று 2021-இல் பேட்டி கொடுத்தார். பேரேடுகளை இணைக்கும் நெறிமுறையைப் படைத்தவரால் தன் சொந்தப் பேரேட்டுப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை. வங்கியாக இருந்தால் அடையாள அட்டையைக் காட்டி, படிவம் நிரப்பி, இரண்டு நாள் நடந்தாவது வாங்கியிருப்பார்.

இண்டர்லெட்ஜர் கட்டுரை பயன்படுத்திய கருவிக்கு ஹாஷ் என்று பெயர். எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதை அரைத்து 256 பிட் நீளமுள்ள ஒரு கைரேகையைத் தரும் கணக்கு அது. எண்ணிலிருந்து கைரேகைக்குப் போவது கண்சிமிட்டும் வேலை. கைரேகையிலிருந்து எண்ணுக்குத் திரும்ப வழியில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பார்க்க வேண்டியவற்றின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் தேவைப்படும். உலகத்துக் கணினிகள் அத்தனையும் சேர்ந்தாலும் சூரியன் அணைவதற்குள் முடியாது.

இதை வைத்து இரண்டு பேரேடுகளை எப்படிக் கட்டுவது? ஒரு கற்பனைப் பரிமாற்றத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். பெர்லினில் லீனா என்பவரிடம் டிஜிட்டல் நாணயம் இருக்கிறது. நைரோபியில் ஒதியேனோ என்பவரிடம் கென்ய ஷில்லிங் கணக்கு இருக்கிறது. இருவருக்கும் பொதுவான பேரேடு இல்லை. நடுவில் இரண்டு இடையாட்கள். முதல் ஆளுக்கு நாணயப் பேரேட்டிலும் யூரோ வங்கியிலும் கணக்கு உண்டு. இரண்டாம் ஆளுக்கு அதே யூரோ வங்கியிலும் ஷில்லிங் பேரேட்டிலும் உண்டு. யாரும் யாரையும் நம்பத் தேவையில்லை. ஒவ்வொருவரும் தன் பேரேட்டை மட்டும் நம்பினால் போதும்.

ஒதியேனோ ஒரு ரகசிய எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். அதன் கைரேகையை மட்டும் லீனாவுக்கு அனுப்புகிறார். லீனா தன் பேரேட்டிடம் சொல்கிறார்: இந்தத் தொகையை ஒதுக்கிப் பூட்டிவை, முப்பது விநாடிக்குள் இந்தக் கைரேகைக்குரிய ரகசிய எண்ணோடு முதல் இடையாள் வந்தால் அவரிடம் கொடு, வராவிட்டால் என்னிடமே திருப்பிவிடு. பூட்டு விழுந்ததைப் பார்த்த முதல் இடையாள், யூரோ வங்கியில் அதே கைரேகையோடு இரண்டாம் ஆளுக்காகப் பணத்தைப் பூட்டுகிறார். கெடு இருபது விநாடி. இரண்டாம் ஆள் ஷில்லிங் பேரேட்டில் ஒதியேனோவுக்காகப் பூட்டுகிறார். கெடு பத்து விநாடி. மூன்று பேரேடுகளிலும் பணம் அந்தரத்தில் நிற்கிறது. இதுவரை யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

இப்போது ஒதியேனோ ரகசிய எண்ணைச் சொல்லி ஷில்லிங்கை எடுத்துக்கொள்கிறார். எடுத்த கணமே அந்த எண் இரண்டாம் இடையாளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் அதையே யூரோ வங்கியில் காட்டித் தன் பணத்தை எடுக்கிறார். அங்கிருந்து எண் முதல் ஆளுக்குப் போகிறது. அவர் லீனாவின் பணத்தை எடுக்கிறார். பூட்டுகள் முன்னோக்கிப் போயின. சாவி பின்னோக்கி வருகிறது. ஒதியேனோ வாயே திறக்கவில்லை என்றால் கெடு முடிந்து எல்லாப் பணமும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்.

கெடுக்கள் ஏன் முப்பது, இருபது, பத்து என்று படிப்படியாகக் குறைகின்றன என்பதைக் கவனியுங்கள். ஒதியேனோ ஒன்பதாம் விநாடியில் எடுத்தாலும், இரண்டாம் ஆளுக்குத் தன் பணத்தை எடுக்க இன்னும் பதினொரு விநாடி இருக்கிறது. அந்த நேரத்தில் அவருடைய கணினி செத்துப்போனால்? ஷில்லிங்கைக் கொடுத்துவிட்டார், யூரோவை எடுக்கத் தவறிவிட்டார். நஷ்டம் அவருக்கு. லீனாவுக்கோ ஒதியேனோவுக்கோ எந்தச் சேதமும் இல்லை. ஹெர்ஸ்டாட்டின் நேர இடைவெளி இங்கேயும் இருக்கிறது; விநாடிகளாகச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதைவிட முக்கியமாக, இடைவெளியில் விழுபவர் யார் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கிறது. தரகு வாங்குபவர் ஆபத்தைச் சுமக்கட்டும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கணிதத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

இதை மத்திய வங்கிகளும் சோதித்துப் பார்த்தன. 2017-இல் இங்கிலாந்து மத்திய வங்கி, இரு நாடுகளின் பெருந்தொகைப் பரிமாற்ற அமைப்புகளைப் போலச் செய்த இரண்டு மாதிரிகளை ரிப்பிளின் துணையோடு இப்படிக் கட்டிப் பார்த்தது. ஐரோப்பிய மத்திய வங்கியும் ஜப்பான் வங்கியும் சேர்ந்து நடத்திய ‘ஸ்டெல்லா’ ஆய்வின் மூன்றாம் கட்ட அறிக்கை 2019 ஜூனில் வந்தது. வெவ்வேறு வகைப் பேரேடுகளுக்கு நடுவே பணத்தைப் பூட்டித் திறப்பது கடன் இடரைக் குறைக்கும் என்றது. கூடவே சிக்கல்களையும் சொன்னது. பூட்டு விழுந்த பிறகு ஒரு தரப்பு, செலாவணி விகிதம் தனக்குச் சாதகமாகத் திரும்புகிறதா என்று கெடுவின் கடைசி வரை காத்திருந்து பார்க்கலாம். சாதகமானால் எடுக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். அவருக்குச் செலவில்லை, இடையாளின் பணம்தான் சும்மா பூட்டிக்கிடக்கும். அதுவும் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதும் பிட்காயின் பேரேட்டில் கெடு விநாடிக் கணக்கில் நிற்காது, மணிக்கணக்கில் நீளும். மணிக்கணக்கில் டாலர் எத்தனை முறை ஏறி இறங்கும்!

இவற்றைவிடப் பெரிய தடை மிகச் சாதாரணமானது. பூட்டுப் போடத் தெரிந்த பேரேடு வேண்டும். வங்கிகளின் மையக் கணினிகள் பல, கோபால் என்ற மொழியில் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அதில் ஒரு வரியை மாற்றச் சொன்னால் வங்கி ஆயிரம் தடவை யோசிக்கும். ஹாஷ் பூட்டு என்ற புதுச் சமாச்சாரத்தை அதற்குள் நுழைப்பது ஆகிற காரியமா?

நான்காம் பதிப்பில் இண்டர்லெட்ஜர் எடுத்த முடிவு எனக்குப் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது. பேரேட்டில் பூட்டுவதையே கைவிட்டார்கள். இடையாட்கள் தங்களுக்குள் பற்று வரவு எழுதிக்கொண்டே போகட்டும். சேர்ந்த பாக்கியைத் தங்களுக்குப் பிடித்த வழியில், வங்கி வழியாகவோ டிஜிட்டல் நாணயமாகவோ, அவ்வப்போது தீர்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். அப்படியானால் நம்பிக்கை வேண்டாமா? வேண்டும், ஆனால் கொஞ்சமாக. ஆயிரம் டாலரை ஒரே மூச்சில் அனுப்பாமல், சில்லறைக் காசளவு பொட்டலங்களாக உடைத்து அடுத்தடுத்து அனுப்புகிறார்கள். சந்தையில் ஒருவரையொருவர் நம்பாத இருவர், ஒரு படி நெல்லை அளந்து கொட்டி ஒரு படிக்கான காசை வாங்கி, அப்புறம் அடுத்த படியை அளப்பது போலத்தான். ஏமாற்றினால் ஒரு படியோடு போகும்.

பொட்டலத்தில் மூன்றே வகை: தயார், நிறைவு, மறுப்பு. தயார்ப் பொட்டலத்தில் தொகை, கெடு, 32 பைட் நீளமுள்ள கைரேகை, சேர வேண்டிய முகவரி, கொஞ்சம் உள்ளடக்கம். நிறைவுப் பொட்டலத்தில் 32 பைட் ரகசியம். இவ்வளவுதான் சாரம். எந்த நாணயம், எந்த வங்கி, எந்தச் சங்கிலி என்ற பேச்சே இல்லை. இணைய நெறிமுறை கம்பியா கண்ணாடி இழையா என்று கேட்காதது மாதிரி, இது ரூபாயா பிட்காயினா என்று கேட்பதில்லை. இதைப் பின்வாங்கல் என்று சொல்பவர்களும் உண்டு. பாக்கியைத் தீர்ப்பதைத்தான் இடையாட்களின் தலையில் கட்டிவிட்டார்களே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுத்தரம் எழுதுபவர்களுக்கு வரும் பெரிய நோய், எல்லாவற்றையும் அதற்குள் எழுதிவிட ஆசைப்படுவது. எதை எழுதாமல் விடுவது என்று தெரிந்துகொள்ள இவர்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

நெறிமுறையின் சில கூறுகள் எதிர்பாராத இடத்தில் போய்ச் சேர்ந்தன. ஏழை நாடுகளில் கைப்பேசிப் பணச் சேவைகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் எழுதி 2017-இல் பொதுவில் விட்ட மோஜலூப் என்ற மென்பொருள், இண்டர்லெட்ஜரின் பூட்டு முறையை எடுத்துக்கொண்டது. வங்கியையும் பிட்காயினையும் இணைக்க யோசித்தது, பிட்காயினே இல்லாத பரிமாற்றத்துக்கு உதவியது.

தொகை, கெடு, கைரேகை எல்லாம் சரி. அனுப்புபவர் யார்? வங்கி உலகில் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கறுப்புப் பணத்தையும் பயங்கரவாதத்துக்குப் போகும் நிதியையும் கண்காணிக்கும் எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பு, டிஜிட்டல் நாணயம் கைமாற்றித் தரும் நிறுவனங்களும் அனுப்புபவர், பெறுபவர் விவரங்களைக் கூடவே அனுப்ப வேண்டும் என்று 2019 ஜூனில் சொன்னது. பிட்காயின் பேரேட்டில் பெயருக்கு இடமே இல்லை. ஆகவே விவரத்தைத் தனி வழியில் அனுப்ப வேண்டும், அதற்கு ஒரு பொது வடிவம் வேண்டும். 2020-இல் ஐ.வி.எம்.எஸ். 101 என்ற தரம் வந்தது. கணினிக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் ‘முதற்பெயர், குடும்பப்பெயர்’ என்ற பிரிவினை அதில் கிடையாது. முதன்மை அடையாளம், துணை அடையாளம் என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவதைக் காலியாக விடலாம். வெளிநாட்டு விமான டிக்கெட்டில் அப்பா பெயரால் அழைக்கப்பட்ட எந்தத் தமிழருக்கும் அந்தக் காலிக் கட்டத்தின் அருமை புரியும். பெயரை உள்ளூர் எழுத்தில் எழுத இன்னோர் இடமும் உண்டு.

வங்கிகளின் பழைய வடிவம் இந்த விஷயத்தில் கஞ்சம். பழைய ஸ்விஃப்ட் செய்தியில் பெறுபவரின் பெயருக்கும் முகவரிக்கும் சேர்த்து நான்கு வரி, வரிக்கு 35 எழுத்து. நம்மூர் முகவரி ஒன்றை அதற்குள் அடைத்துப் பாருங்கள்; எதிர்வீட்டு அடையாளம் எழுதும்போதே இடம் தீர்ந்துவிடும். பெயர் எது, தெரு எது என்று கணினிக்குத் தெரியாது. தடைசெய்யப்பட்டோர் பட்டியலோடு ஒப்பிடும் மென்பொருள், தெருவின் பெயரை ஆளின் பெயராக எடுத்துக்கொண்டு பணத்தை நிறுத்திவைக்கும். பிறகு ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்து விடுவிக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 20022 என்ற புதிய தரம், பெயருக்கு மட்டும் 140 எழுத்து கொடுத்து, ஊர், நாடு, அஞ்சல் எண் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் கொடுத்தது. இந்தியாவின் பெருந்தொகைப் பரிமாற்ற அமைப்பான ஆர்.டி.ஜி.எஸ். 2013-லேயே இதற்கு மாறிவிட்டது. நாடு கடந்த ஸ்விஃப்ட் பரிமாற்றங்களில் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடிய காலம் 2025 நவம்பரில்தான் முடிந்தது. ஹாஷ் பூட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் வருவார்கள்; முகவரிக் கட்டத்தைப் பற்றி எழுத யாரும் வர மாட்டார்கள். பணம் நின்றுபோவது பெரும்பாலும் முகவரிக் கட்டத்தில்தான்.

அரசுகள் வேறொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. 2023 பிப்ரவரி 21 அன்று உடனடிப் பணப் பரிமாற்ற அமைப்புகளான இந்தியாவின் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து அனுப்ப அனுமதிக்கப்பட்ட நான்கு வங்கிகளில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என இரண்டு சென்னையில் தலைமையகம் கொண்டவை. நாளொன்றுக்கு அப்போது உச்சவரம்பு 60,000 ரூபாய். நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டிரண்டு நாடாகக் கட்டிக்கொண்டே போனால் எங்கே போய் முடியும்? 20 நாடுகளுக்கு 190 இணைப்புகள். 60 நாடுகளுக்கு 1,770. ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனி நிரல், தனி வழக்கறிஞர். பன்னாட்டுத் தீர்வு வங்கி முன்வைத்த ‘நெக்சஸ்’ திட்டம், ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு பொதுவாயிலோடு மட்டும் இணைந்தால் போதும் என்கிறது. இந்தியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்தும் முதலில் இணைய முன்வந்திருக்கின்றன. 1974-இன் வாயிற்கணினி, இம்முறை மத்திய வங்கிகளின் உடையில்.

ரிசர்வ் வங்கியின் மின்-ரூபாய் எடுத்த வழி இன்னும் எளியது. சில்லறைச் சோதனை 2022 டிசம்பரில் தொடங்கியபோது கடைக்காரர் அதற்கெனத் தனிக் கணக்கும் தனி கியூ.ஆர். அட்டையும் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே யு.பி.ஐ. அட்டை ஒன்று தொங்கும் கடையில் இரண்டாவதை யார் மாட்டுவார்கள்? 2023-இல் யு.பி.ஐ. கியூ.ஆர். அட்டையையே மின்-ரூபாய்ச் செயலியும் படிக்கும்படி செய்தார்கள். கொடுப்பவரின் பையிலிருந்து போவது மத்திய வங்கியின் டிஜிட்டல் நாணயம். கடைக்காரருக்கு வருவது சாதாரண வங்கிப் பணம். கடைக்காரருக்கு வித்தியாசமே தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் மூடாத ஓர் இடைவெளி உண்டு. அதை 2023 மார்ச்சில் உலகமே பார்த்தது. யு.எஸ்.டி.சி. என்பது எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்பதாகச் சொல்லும் டிஜிட்டல் நாணயம். அதை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம், புழக்கத்தில் விட்ட நாணயங்களுக்கு ஈடான சுமார் 4,000 கோடி டாலரை வங்கிகளிலும் அரசுப் பத்திரங்களிலும் வைத்திருந்தது. அதில் 330 கோடி சிலிகான் வேலி வங்கியில் இருந்தது. மார்ச் 10, வெள்ளிக்கிழமை, அந்த வங்கி மூடப்பட்டது. வங்கிகளுக்கு இனி திங்கள்தான். நாணயத்தின் பேரேட்டுக்கோ சனி, ஞாயிறு கிடையாது. டாலராக மாற்றும் கதவு சாத்தியிருக்க, விற்கும் கதவு திறந்தே இருந்தது. சனிக்கிழமை அதன் விலை 90 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. ஞாயிறு மாலை, அந்த வங்கியில் பணம் போட்ட அனைவருக்கும் முழுத்தொகையும் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அதன் பிறகு விலை ஏறக்குறைய ஒரு டாலருக்குத் திரும்பியது.

அந்த இரண்டு நாளில் எந்த ஹாஷும் உடையவில்லை. எந்தப் பொட்டலமும் தொலையவில்லை. நெறிமுறைகள் எழுதியபடியே ஓடின. ஒரு பேரேடு தூங்கிக்கொண்டிருந்தது, இன்னொன்று விழித்திருந்தது. பத்து விநாடிக் கெடு எழுதும் நெறிமுறைக்கு, மறுமுனையில் அந்தப் பத்து விநாடியில் பதில் சொல்லும் பேரேடு வேண்டும். இந்தியாவின் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் 14 முதல் எல்லா நாளும் எல்லா நேரமும் திறந்திருக்கிறது. உலகின் டாலர் கணக்குகளைக் கடைசியில் தீர்க்கும் அமெரிக்க ஃபெட்வயருக்கு யு.எஸ்.டி.சி. விழுந்த அந்தச் சனி, ஞாயிறு வழக்கமான விடுமுறை.